பிள்ளைகளைப் பேய்க்காட்ட (ஏமாற்ற) நாங்கள் சொன்ன பொய்கள்: எதை வைத்திருக்கலாம், எதை விடவேண்டும்?

உருத்திரபுரம் அம்மா | ஞாயிறு, இரவு 8.40

என் மகனுக்கு ஆறு வயது. மூன்று வயதில் இருந்தே சோறு என்றால் அடம். "சாப்பிடு, இல்லாட்டி சாக்குக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போயிடுவான்" என்று சொல்லிச் சொல்லித்தான் தீத்தி வளர்த்தேன். என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் தீத்தினவர். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கோப்பையைக் கையில் எடுத்தவுடன் வாயில் தானாக வந்த பொய்.

போன புதன்கிழமை பின்னேரம் பழைய போத்தல், இரும்பு வாங்குகிற ஒருவர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். நல்ல வெயில். படலையடியில் சைக்கிளை நிறுத்தி, "தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளோ?" என்று கேட்டார். செம்பு எடுக்க உள்ளே போனால் மகனைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறான். காற்சட்டை நனைந்துவிட்டது. "அம்மா, நான் மத்தியானம் முழுக்கச் சாப்பிட்டனான், அவரிட்டச் சொல்லுங்கோ" என்கிறான்.

அவன் அழுகிற சத்தம் கேட்டு அந்த மனிதர், "பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார். நான் "ஓம், காய்ச்சல்" என்று இன்னொரு பொய் சொன்னேன். "கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்துப் போய்விட்டார். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

நீங்கள் பிள்ளைகளுக்கு என்னென்ன பொய் சொன்னீர்கள்? உங்களுக்கு என்னென்ன சொன்னார்கள்? எது பிறகு சிரிப்பாக முடிந்தது, எது உள்ளே தங்கிவிட்டது? எல்லாப் பொய்யையும் ஒரே நாளில் விட்டுவிட என்னால் முடியாது. எதை முதலில் விடவேண்டும் என்றாவது தெரிய வேண்டும்.


மாங்குளத்தான் | ஞாயிறு, இரவு 9.05

என்னைத் தவிட்டுக்கு வாங்கினது என்று சொன்னார்கள் அக்கா. அதுவும் எங்கள் வீட்டுத் தவிடு கூட இல்லையாம், பக்கத்து வீட்டில் கடன் வாங்கின தவிடாம். அக்காமார் இரண்டு பேரும் அம்மாவோடு சேர்ந்து அடித்துச் சொல்வார்கள். நான் நம்பினேன். எட்டு வயதில் ஒருநாள் மில்லுக்குப் போய் ஒரு சாக்குத் தவிடு என்ன விலை என்று கேட்டேன். என் பெறுமதி தெரிந்து அழுதுகொண்டு வந்தேன்.

அம்மா அன்றைக்குத்தான் என்னை மடியில் வைத்து, நான் பிறந்த நாள், என்ன மழை, எந்த மருத்துவிச்சி, யார் லாம்பு பிடித்தது என்று எல்லாம் சொன்னார். அந்தக் கதை எனக்கு இன்றைக்கும் வரிவரியாக மனப்பாடம். ஆனால் தவிட்டுப் பொய்யை என் பிள்ளைக்கு நான் சொல்லமாட்டேன்.


பாலைப்பழம் | ஞாயிறு, இரவு 9.31

எங்கள் வீட்டில் நடந்தது இது. பழ விதையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். எல்லாரும் சொல்கிற கதைதானே. காட்டில் பாலைப்பழம் பழுக்கிற காலம். மச்சான்மார் கொண்டுவந்த பழத்தை மகள் அள்ளித் தின்றாள். உதடு இரண்டும் பாலில் ஒட்ட ஒட்டச் சிரித்தாள்.

அடுத்த நாள் முழுக்கப் பிள்ளை தண்ணீர் குடிக்கவில்லை. பள்ளிக்கூடப் போத்தல் கொண்டுபோனபடியே திரும்பி வந்தது. இரவு உதடு வெடித்துக் கண் சோர்ந்து கிடந்தபோதுதான் கேட்டோம். "தண்ணி ஊத்தினால் மரம் வளரும். நான் இரண்டு விதை விழுங்கிட்டன். காயவிட்டால் செத்துப்போயிடும்" என்றாள். அது ஐந்து வயதுப் பிள்ளையின் கணக்கு. பிழையே இல்லாத கணக்கு. நாங்கள் கொடுத்த தகவல்தான் பிழை.

நாங்கள் ஒரு வசனம் சொல்லிவிட்டு மறந்து போகிறோம். பிள்ளை அதை வைத்துக்கொண்டு தனியாக யோசிக்கிறது.


ஏ9 சாரதி | ஞாயிறு, இரவு 10.12

எல்லாம் அழுகைக் கதையாகப் போகாமல் ஒரு நல்லது சொல்கிறேன். அப்பாவும் சாரதிதான், வவுனியாவில் இருந்து வான் ஓட்டினவர். முறிகண்டியில் எல்லா வாகனமும் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துத்தான் போகும், அது எல்லாருக்கும் தெரியும். அப்பா எங்களுக்கு என்ன சொல்லி வைத்திருந்தார் என்றால், மாங்குளம் தாண்டினால் வாகனத்துக்குள் பிள்ளைகள் சண்டை பிடிக்கிற சத்தம் பிள்ளையாருக்குக் கேட்குமாம், சண்டை பிடித்த பிள்ளைக்கு வாங்குகிற கச்சான் முழுக்கச் சொத்தையாக இருக்குமாம். மாங்குளத்தில் இருந்து முறிகண்டி மட்டும் நானும் தம்பியும் வாயே திறக்கமாட்டோம்.

ஒருமுறை எனக்கு இரண்டு சொத்தைக் கச்சான் வந்தது. தம்பியின் காலை மெதுவாக மிதித்தது பிள்ளையாருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். இப்போது என் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். மூத்தவளுக்குப் பொய் என்று தெரியும். தெரிந்துகொண்டு சின்னவனுக்கு அவளே சொல்கிறாள்.


குளக்கட்டு | திங்கள், காலை 6.20

நான் வளர்ந்தது இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட. எங்களுக்குச் சொன்ன பொய் நீர்ப்பேய். துருசடியில், அதாவது குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடுகிற மதகடியில், குளித்தால் நீர்ப்பேய் காலைப் பிடித்துக் கீழே இழுக்கும். அம்மம்மா சொல்லுவா, அதற்குத் தலைமயிர் பாசி மாதிரி நீளமாக இருக்குமாம்.

பத்து வயது மட்டும் பயந்தோம். பதினொன்றில் பெடியள் எல்லாரும் சேர்ந்து பேய் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டோம். எப்படி என்றால், இரவில் கல் எறிந்து பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. அந்தக் கிழமையே துருசடியில் பாய்ந்தோம். எனக்கு முன்னால் பாய்ந்தவன் என் வகுப்புப் பெடியன். அவனை அவனுடைய சித்தப்பா இழுத்தெடுத்தபடியால் இன்றைக்கு இருக்கிறான். முதுகுத் தோல் உரிந்து, மூன்று நாள் கதைக்கவில்லை.

இப்போது எனக்கு விளங்குகிறது. துருசு திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும். கீழே வாய்க்காலுக்குப் போகிற வாசலில் தண்ணீர் முழுப் பாரத்தோடு உறிஞ்சும். அந்த வாசலில் ஒரு காலோ முதுகோ பட்டால் நீச்சல் தெரிந்த பெரிய ஆளாலும் பிரித்தெடுக்க முடியாது. குளம் 36 அடிக்கு நிறைந்து நிற்கும்போது எவ்வளவு பாரம் என்று யோசித்துப் பாருங்கள். அம்மம்மா சொன்ன "காலைப் பிடித்து இழுக்கும்" என்பது சரியான தகவல். இழுப்பது யார் என்பதுதான் பொய். அந்தப் பொய் உடைந்த அன்றைக்கு உண்மையையும் சேர்த்து எறிந்துவிட்டோம்.

என் மகனைப் போன வருடம் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துருசுக்கு மேலே நின்று ஒரு தென்னோலைத் துண்டைப் போட்டேன். ஓலை மெதுவாகச் சுற்றியது, பிறகு நேராக நின்றது, பிறகு இல்லை. மற்றப் பக்கம் வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அது கிழிந்து வந்ததைக் காட்டினேன். ஒரு வார்த்தை பயமுறுத்தவில்லை. அவன் இப்போது மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இதையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் கிரவல் அள்ளின கிடங்குகள் மாரியில் நிறைந்து குளம் மாதிரி நிற்கின்றன. அதற்கு எந்த அம்மம்மாவிடமும் பேய்க்கதை இல்லை, ஏனென்றால் அவை புதுக்கிடங்குகள். கரை செங்குத்து, கால் வைக்கப் படி இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிச் சொல்லுங்கள், தயவுசெய்து.


முள்ளியவளை அம்மம்மா | திங்கள், காலை 7.02

பேரன் தட்டித் தருகிறான், நான் சொல்லச் சொல்ல.

பிள்ளைகளே, நீங்கள் இப்போது இரண்டு பிள்ளை வைத்திருக்கிறீர்கள். எனக்கு ஏழு. விடியப்புறம் வயலுக்குப் போனால் வெயில் ஏறத்தான் வருவேன். கிணற்றுக்குக் கட்டு இல்லை, வளவுக்கு வேலி இல்லை, பின்னால் காடு. ஓலை போட்டுக் காட்ட எனக்கு நேரம் எங்கே? கிணற்றடியில் கொத்திப்பேய் இருக்கிறாள் என்றேன். புளியமரத்தில் முனி என்றேன். காட்டுக்கரையில் கரடி பிள்ளை தூக்கும் என்றேன். கரடி பொய்யில்லை. பாலைப்பழத்துக்குக் கரடி மரத்திலேயே ஏறும், ஆளைக் கண்டால் முகத்தைத்தான் கிழிக்கும். ஏழும் உயிரோடு வளர்ந்தது. பிறகு போனது வேறு விதத்தில் போனது, அது என் பொய்யால் இல்லை.

நான் ஒன்றைத்தான் பிழை என்று நினைக்கிறேன். என் மூன்றாவது மகளுக்கு இருட்டு என்றால் சரியான பயம். கலியாணம் முடித்த பிறகும் இரவில் வெளியே போகப் புருஷனை எழுப்புவாள். அவளுக்கு மட்டும் கொத்தியை நான் கூட்டிச் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் நம்பவில்லை என்று இவளுக்கு உரத்துச் சொன்னேன். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லவேண்டும். உப்பு மாதிரி.


உருத்திரபுரம் அம்மா | திங்கள், காலை 7.40

அம்மம்மா, உங்களை வணங்குகிறேன். ஒன்று கேட்கவேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன வருடம் மகனைக் கூட்டி வந்தோம். கடல்தண்ணீரில் விளக்கு எரிகிறது என்று சொன்னேன். இப்போது சாக்குக்காரன் பொய் என்று அவனுக்குச் சொன்னால், "அப்ப அந்த விளக்கும் பொய்யோ?" என்று கேட்பான். அதுதான் எனக்குப் பயம்.


முள்ளியவளை அம்மம்மா | திங்கள், காலை 8.15

பிள்ளை, அது வேறு. உப்புத்தண்ணீர் கடலில் அள்ளி வருவதையும், எங்கள் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கேற்றுவதையும், பிறகு அம்மனிடம் கொண்டுபோவதையும் நான் சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். எனக்கு என் அம்மா சொன்னது, நான் நம்புவது. நான் நம்பாத ஒன்றை உன் பிள்ளைக்குச் சொன்னால்தான் அது பொய். சாக்குக்காரனை நீ நம்பினாயோ? இல்லையே.


துணுக்காய் ரீச்சர் | திங்கள், மாலை 4.30

ஆரம்பப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இந்த விஷயத்தில் சில ஆய்வுகள் வந்திருக்கின்றன. 2013இல் அமெரிக்கப் பெற்றோரையும் சீனப் பெற்றோரையும் ஒப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டு நாட்டிலும் பெரும்பாலான பெற்றோர் பிள்ளையை வழிக்குக் கொண்டுவரப் பொய் சொல்கிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆகக் கூடுதலாகச் சொல்லப்பட்ட பொய் பேயும் இல்லை, பூதமும் இல்லை. "இப்ப வராவிட்டால் உன்னை இங்கயே விட்டிட்டுப் போயிடுவன்" என்பதுதான். சந்தையில், கடையில், பஸ் நிலையத்தில் நாங்களும் சொல்கிறோமே, அதே வசனம்.

2019இல் சிங்கப்பூரில் இளைஞர்களிடம் கேட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. சின்ன வயதில் பெற்றோர் நிறையப் பொய் சொன்னார்கள் என்று சொன்னவர்கள், வளர்ந்தபின் தாங்களும் பெற்றோருக்குக் கூடுதலாகப் பொய் சொல்வதாகச் சொன்னார்கள். இது நினைவை வைத்துக் கேட்டது. அதனால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

வகுப்பில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். அணில் கதையால் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. விழுந்த பல்லைக் கூரையில் எறிந்துவிட்டு, அணில் புதுப்பல் தரும் என்று காத்திருக்கிற பிள்ளை சந்தோசமாகத்தான் இருக்கிறது. பல்லும் முளைத்து விடுகிறது. "விட்டிட்டுப் போயிடுவன்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை பள்ளிக்கூடம் விடும்போது படலையடியில் நின்று, அம்மா ஐந்து நிமிடம் பிந்தினால் நடுங்குகிறது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அக்கா கேட்டதற்கு என் பதில்: முதலில் இதை விடுங்கள்.


கிளிசரியா | திங்கள், இரவு 9.50

ரீச்சர் எழுதினதை வாசித்துவிட்டுக் கன நேரம் போனை மூடி வைத்திருந்தேன். நான் இதை யாருக்கும் சொன்னதில்லை.

2009இல் எனக்கு ஏழு வயது. நான் சரியான குழப்படி. அதற்கு முதலே, வீட்டில் இருந்த காலத்திலேயே, அம்மா எனக்குச் சொல்கிற வசனம் இதுதான்: "இப்பிடிக் குழப்படி செய்தால் உன்னை விட்டிட்டுத் தம்பியை மட்டும் கூட்டிக்கொண்டு போயிடுவன்." பிறகு யுத்தத்தால் உண்மையாகவே போகவேண்டி வந்தது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று ஒவ்வோர் இடமாக. ஒவ்வொரு முறை சாமான் கட்டும்போதும் நான் அம்மாவின் சட்டைத் தொங்கலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒன்றும் கேட்கமாட்டேன். பசிக்குது என்று சொல்லமாட்டேன். எல்லாரும் "எவ்வளவு நல்ல பிள்ளை" என்றார்கள்.

மே மாதம் வட்டுவாகல் பக்கம் சனம் நெருக்கி நடக்கும்போது என் கை விடுபட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பொழுது சாய்ந்தது தெரியும். ஒரு ஐயா தோளில் தூக்கி வைத்திருந்தார். நான் அழவில்லை. முதல்நாள் இரவு தம்பியின் பிஸ்கட்டில் பாதியைத் தெரியாமல் எடுத்திருந்தேன். அதற்காகத்தான் அம்மா விட்டுவிட்டுப் போனவர் என்று நினைத்தேன். அது நியாயம் என்றும் நினைத்தேன்.

அம்மா தேடி வந்துவிட்டார். என்னைக் கண்டதும் நிலத்தில் இருந்து அழுதார். நான் அவரிடம் முதலில் சொன்னது, "இனி எடுக்கமாட்டன்" என்பதுதான். என்ன எடுக்கமாட்டேன் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

அம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. உலகத்தில் எல்லா அம்மாவும் சொல்கிற வசனத்தைத்தான் அவரும் சொன்னார். எங்கள் ஊரில் அது நடக்கக்கூடியதாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் இந்த மண்ணில் யாரும் ஒரு பிள்ளைக்கு அந்த வசனத்தைச் சொல்லவேண்டாம். கேட்டுக்கொள்கிறேன்.


துணுக்காய் ரீச்சர் | திங்கள், இரவு 10.25

தங்கச்சி, அம்மா இருக்கிறாரா? இருந்தால் அந்த பிஸ்கட்டை அவருக்குச் சொல்லுங்கோ. ஏழு வயதுப் பிள்ளை சுமந்ததை இருபது வயது தாண்டியும் தனியாகச் சுமக்கவேண்டாம்.


மாங்குளத்தான் | திங்கள், இரவு 10.31

வாசித்தேன் தங்கச்சி. வேறு ஒன்றும் எழுத வரவில்லை.


ஸ்கந்தபுரத்தில் இருந்தவன் | செவ்வாய், அதிகாலை 3.10

இங்கே கனடாவில் இப்போது பின்னேரம். 1996இல் கிளிநொச்சியில் இருந்து ஸ்கந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்தோம். அதற்கு முதல் எங்கள் வீட்டு பங்கருக்குள் அப்பா எனக்கு ஒரு கதை சொன்னார். வானத்தில் ஒரு ஆச்சி மா இடிக்கிறா. சத்தம் கேட்கும்போதெல்லாம், "இது பிட்டுக்கு", "இது இடியப்பத்துக்கு", "இது கொழுக்கட்டைக்கு" என்று அப்பா சொல்லுவார். நான் எண்ணுவேன். கொழுக்கட்டைச் சத்தம்தான் பெரிய சத்தம். ஐந்து வயதில் எனக்கு ஷெல் என்றால் பயம் இல்லாமல் இருந்ததற்கு அந்த ஆச்சிதான் காரணம்.

ஒருநாள் வெளியே வந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் இல்லை. "மா இடிக்கிற ஆச்சி ஏன் வீட்டை இடிச்சவ?" என்று கேட்டேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு முழுவதையும் சொன்னார். ஷெல் என்றால் என்ன, எங்கிருந்து வருகிறது, பங்கருக்குள் ஏன் இருக்கிறோம் என்று. அன்றைக்கே சொன்னார், அதுதான் முக்கியம். இன்னொரு ஆச்சிக் கதை சொல்லி மூடவில்லை.

எனக்கு அந்தப் பொய் இப்போதும் வேண்டும். அப்பா போய்ப் பத்து வருடம். இங்கே இடி இடித்தால் என் மகளுக்கு "இது பிட்டுக்கு" என்று சொல்கிறேன். அவளுக்கு அது வெறும் மழைக் கதை.


சிவப்புப் பலகை | செவ்வாய், காலை 5.40

கண்ணிவெடி அகற்றுகிற வேலை செய்கிறேன். வேலைக்குப் போக முதல் அவசரமாக எழுதுகிறேன்.

மீள்குடியேறின காலத்தில் சில வீடுகளில் பிள்ளைகளைப் பற்றைக்குள் போகவிடாமல் பேய் என்றுதான் சொன்னார்கள். பகலில் பேய் வராது என்று பெடியளுக்குத் தெரியும். பகலில் போனார்கள், இரும்பு பொறுக்க. அதனால் எங்கள் விழிப்புணர்வு ஆட்கள் வீடு வீடாகப் போய், பள்ளிக்கூடங்களுக்குப் போய், படத்தையும் மாதிரியையும் காட்டினார்கள். இது மிதிவெடி, இது ஜொனி என்கிற இன்னொரு மிதிவெடி, இது வெடிக்காத ஷெல். தொடாதே. எறியாதே. வந்த கால்தடத்திலேயே திரும்பு. பெரிய ஆட்களுக்குச் சொல்லு. நாலு வயதுப் பிள்ளைக்கும் இது விளங்குகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் என் மகளே எனக்குக் காட்டுவாள்.

முகமாலைப் பக்கம் வருடக்கணக்காக அங்குலம் அங்குலமாக எடுக்கிறோம். அந்த மண்ணுக்குப் பேய்க்கதை போதாது.


சைக்கிள் வியாபாரி | செவ்வாய், இரவு 7.55

மகள்தான் இந்த இழையைக் காட்டினாள். நான் போத்தல், பேப்பர், பழைய இரும்பு வாங்குகிறவன். உருத்திரபுரம் தங்கச்சி எழுதின ஆள் நான் இல்லை, நான் புதுக்குடியிருப்புப் பக்கம். ஆனாலும் நானும்தான்.

எனக்கு ஒரு கால் செயற்கைக் கால். இறங்கி நடந்தால் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பேன். தோளில் சாக்கு. வெயிலில் கறுத்த முகம். ஒழுங்கைக்குள் போனால் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். சில அம்மாமார் எனக்கு முன்னாலேயே, "அந்தா வந்திட்டார், சாப்பிடு" என்று விரலால் காட்டுவார்கள். எனக்குச் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள், "அண்ணை, கொஞ்சம் மிரட்டிவிடுங்கோ" என்று. முதலில் நானும் மிரட்டினேன். அவர்கள் வீட்டுப் போத்தல் எனக்கு வேண்டுமே.

மகள் இரண்டாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். கேட்டால், "உன்ர அப்பா பிள்ளை பிடிகாரன்" என்று பக்கத்தில் இருந்த பிள்ளை கதிரையைத் தள்ளி வைத்ததாம். அவள் என்னிடம் கேட்டாள், "அப்பா, நீங்க பிடிக்கிற பிள்ளையளை எங்க வைக்கிறீங்க?" அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்குச் சாக்கை முற்றத்தில் கவிழ்த்துக் கொட்டிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு மிரட்டச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். தங்கச்சி, நீங்கள் காய்ச்சல் என்று சொன்னது அந்த மனிதருக்கு விளங்கியிருக்கும். எங்களுக்குத் தெரியும். கொத்தமல்லி என்று அவர் சொன்னது உங்களைச் சங்கடப்படுத்தாமல் இருக்கத்தான். அடுத்தமுறை வந்தால் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். அது போதும்.


உருத்திரபுரம் அம்மா | செவ்வாய், இரவு 8.20

அண்ணை, மன்னித்துக்கொள்ளுங்கோ. மகளையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.


சின்னம்மா | புதன், இரவு 11.15

இதை எழுதலாமோ என்று மூன்று நாளாக யோசித்தேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்காவின் மகன் 2008இல் பிறந்தவன். அத்தானை 2009க்குப் பிறகு காணவில்லை. பிள்ளை கதைக்கத் தொடங்கின நாள் முதல், "அப்பா வெளிநாட்டில" என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். பிறந்தநாளுக்கு அக்கா சீட்டுக் காசில் கார் வாங்கி, அப்பா அனுப்பினது என்று கொடுப்பாள். நானும் சேர்ந்து பெட்டியில் தாள் சுற்றினேன். அவன் ஊர் முழுக்கக் காட்டுவான். எங்கள் ஊரில் அவனைப் போல நாலைந்து பிள்ளைகளின் அப்பாமார் "வெளிநாட்டில்" இருந்தார்கள்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் போராட்டம் தொடங்கினார்கள். அக்கா முதல் கிழமையிலேயே போய் இருந்தாள், அத்தானின் படத்தோடு. பிள்ளைக்குத் தையல் வேலை என்று சொன்னோம். ஒன்பது வயது. ஒருநாள் பஸ்ஸில் என்னோடு அந்த வழியால் வந்தவன் கண்ணாடிக்குள்ளால் கண்டுவிட்டான். பஸ்ஸுக்குள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "வெளிநாட்டில இருக்கிறவரை அம்மா ஏன் கோயிலடியில தேடுறா?" என்று கேட்டான்.

அன்று இரவு நான் அக்காவில் கோபப்பட்டேன். இனியாவது உண்மையைச் சொல்லு என்றேன். அக்கா கேட்டாள், "எந்த உண்மையை?" எனக்குப் பதில் இல்லை. "இல்லை என்று சொன்னால் அது உண்மையோ? எனக்குத் தெரியாது. வெளிநாட்டில என்று சொன்னது பொய்யோ? அதுவும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சால் நான் ஏன் அங்க போய் இருக்கிறன்?"

இந்த இழையில் நீங்கள் சொன்ன எல்லாப் பொய்க்கும் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. துருசு இருக்கிறது, மிதிவெடி இருக்கிறது, சாக்கைக் கவிழ்த்தால் போத்தல் இருக்கிறது. எங்களிடம் கவிழ்த்துக் காட்ட ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் காலை அக்கா அவனுக்குத் தலை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள், "அப்பு, அப்பா எங்க என்று அம்மாவுக்குத் தெரியாது. கார் எல்லாம் அம்மாதான் வாங்கினது. தேடிக்கொண்டு இருக்கிறன்." அவன், "எனக்குக் கார் தெரியும்" என்றான். பெட்டியில் எங்கள் ஊர்க் கடையின் விலைத்தாள் ஒட்டியிருந்ததாம். ஆறு வயதிலேயே பார்த்துவிட்டான். அம்மா கவலைப்படுவா என்று மூன்று வருடம் அவனும் எங்களைப் பேய்க்காட்டியிருக்கிறான்.

அந்தச் சனிக்கிழமை அவனும் போய் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தான். படத்தை அவன் பிடித்தான்.


குளக்கட்டு | வியாழன், காலை 6.05

அக்காவுக்கு எங்கள் எல்லாருடைய அன்பையும் சொல்லுங்கோ. பிள்ளைக்கும்.


கிளிசரியா | வியாழன், மாலை 5.50

ரீச்சர், அம்மாவுக்கு பிஸ்கட்டைச் சொன்னேன். அவருக்கு நினைவில்லை. தம்பியிடம் கேட்டோம், அவனுக்கும் நினைவில்லை. அம்மா கடைக்குப் போய் மாரி பிஸ்கட் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். மூன்று பேரும் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றோம்.


உருத்திரபுரம் அம்மா | சனி, இரவு 9.10

நேற்றுப் பின்னேரம் அவர் திரும்பி வந்தார். முதல்நாளே மகனுக்குச் சொல்லியிருந்தேன்: சாக்குக்காரன் பிள்ளை பிடிக்கமாட்டார், அம்மா உன்னைச் சாப்பிட வைக்கப் பொய் சொன்னனான், அது அம்மாவின் பிழை. அவன் நம்பவில்லை. "நீங்க சொன்னது பொய் என்று சொல்லுறது பொய்யோ?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

கையைப் பிடித்துக்கொண்டு படலையடிக்குப் போனேன். என் பாவாடைக்குப் பின்னால் நின்றான். அவரிடம் நடந்ததை நேராகச் சொன்னேன், காய்ச்சல் இல்லை என்பதையும். அவர் தலையை ஆட்டினார். சைக்கிளைச் சாய்த்து வைத்து, சாக்கின் வாயை விரித்துக் கீழே வைத்தார். மகன் கன நேரம் தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தான். உள்ளே சோடாப் போத்தல்கள், நெளிந்த கேத்தல், ஒரு சைக்கிள் றிம்.

"இதுக்குள்ள ஒருத்தரும் இல்லை" என்றான் எனக்கு. பிறகு உள்ளே ஓடிப்போய், பால்மாப் பேணி இரண்டும், தன்னுடைய உடைந்த லொறியும் கொண்டுவந்து கொடுத்தான். அவர் லொறியைத் திருப்பிக் கொடுத்து, "இதுக்கு ஒரு சில்லுத்தானே இல்லை, நான் பார்த்துக்கொண்டு வாறன்" என்றார்.

இரவு வழக்கம்போலச் சாப்பாட்டுக்கு அடம். என் வாய் வரைக்கும் பழைய வசனம் வந்தது. சொல்லவில்லை. அரைவாசிச் சோறு கோப்பையிலேயே கிடந்தது, மூடி வைத்தேன். காலையில் எழும்பி நேராகக் குசினிக்கு வந்து பசிக்குது என்றான்.